ஒரு நாளைக்குப் பத்து கார்டு

மங்கை,

பொங்கலுக்கு வந்தபோது நீ மறந்துவிட்டுப் போன கணக்குப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தது. கண்ட அன்றைக்கே தபாலில் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பாமல் இருபது நாள் வைத்துக்கொண்டேன், மன்னித்துக்கொள். வெளிநாட்டுப் படிப்புக்கு நீ எழுதப்போகிற பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருப்பது தெரியும், அதனால் உனக்கு நஷ்டம் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்னால் அதை மூடி வைக்க முடியவில்லை. வேலையும் நேரமும் என்ற பகுதியில் உள்ள கணக்குகளை, உன் பென்சில் குறிகளை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். உன் அம்மா இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள், "பொண்ணு எழுதற பரீட்சைக்கு அப்பாவும் ஹால் டிக்கெட் வாங்கியாச்சா?" என்று கேட்டுவிட்டு மோர் வைத்துவிட்டுப் போனாள்.

இந்தப் புத்தகத்தால் ஒரு காரியம் நடந்துவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாத ஒன்றைப் பத்து நாளைக்கு முன் ஒரு தபால் கார்டில் எழுதி, ஏலாக்குறிச்சிக்கு அனுப்பிவிட்டேன். அடைக்கலம் என்பவருக்கு. உலக யுத்த காலத்தில் அவருடைய வேலையை நான் ஒரு கணக்குப் போட்டு எடுத்துவிட்டேன். பிறகு அதைப் பற்றி அவரிடமே பொய்யும் சொன்னேன். இன்றுவரை பதில் இல்லை. வருமா என்றும் தெரியவில்லை. நீ படிக்க வெளிநாடு போகுமுன் உனக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஏன் தோன்றுகிறது என்று எழுதி எழுதித்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கணக்குகளைப் பற்றிச் சொல்கிறேன். நான் படித்த காலத்தில் கணக்கு என்றால் விடை கண்டுபிடிப்பது. பத்து ஆட்கள் ஒரு சுவரை ஆறு நாளில் கட்டினால் பதினைந்து ஆட்கள் எத்தனை நாளில் கட்டுவார்கள் என்று கேட்பார்கள், நாலு நாள் என்போம், சரி என்பார்கள். உன் புத்தகம் விடையைக் கேட்கவே இல்லை. ஒரு கேள்வி, அதன் கீழே இரண்டு தகவல். முதல் தகவல் மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, எதை எடுத்தாலும் தனியாகவே போதுமா, இரண்டையும் சேர்த்தாலும் போதாதா? இந்த ஐந்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட வேண்டும். இது என்ன பரீட்சை என்று முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. சமைக்காமல், உப்பு புளி வீட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கை கழுவுவதுபோல் இருந்தது. இரண்டாம் நாள் சிரிப்பு போய்விட்டது. பதினெட்டில் ஏழு தப்பு செய்திருந்தேன். நீ நாலுதான்.

என் தப்புகளைப் பார்த்தால் அவற்றில் என் சுபாவம் தெரிந்தது. இரண்டு இயந்திரங்கள் சேர்ந்து ஒரு வேலையை ஆறு மணி நேரத்தில் முடிக்கின்றன, முதல் இயந்திரம் தனியாகச் செய்தால் எத்தனை மணி என்பது ஒரு கணக்கு. முதலாவது இரண்டாவதைப் போல இரண்டு மடங்கு வேகம் என்பது ஒரு தகவல். இரண்டாவது தனியாகச் செய்தால் பதினெட்டு மணி என்பது இன்னொன்று. நான் இரண்டும் சேர்ந்தால்தான் போதும் என்று குறித்தேன். நிதானமாகப் பார்த்தால் எந்த ஒன்றை வைத்துக்கொண்டாலும் ஒன்பது மணி என்று வந்துவிடுகிறது. ஒருவர் சொன்னதை நம்பாமல் இரண்டாவது ஆளையும் கூப்பிட்டு விசாரிக்கிற பயந்த புத்தி எனக்கு. நீ சரியாகவே போட்டிருந்தாய். இன்னொரு கணக்கில் இதற்கு நேர்மாறாக ஏமாந்தேன். முதல் குழாய் தொட்டியை நிரப்ப இரண்டாவதைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறது என்று ஒரு தகவல். ஒரே நேரத்தில் இரண்டாவது குழாய் முதலாவதைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் தருகிறது என்று மற்றொன்று. இரண்டு தகவல் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஒரே செய்தி வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். இதில் நீயும் ஏமாந்திருந்தாய், அதனால் எழுதுகிறேன். ஒவ்வொருவரும் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு செய்வார்கள் என்று முதலில் எழுதிக்கொள். கேட்டது என்ன என்பதைத் தாளின் தலையில் பெரிதாக எழுதிக் கட்டம் கட்டு. பிறகு ஒவ்வொரு தகவலையும் எடுத்து, இது முன்பே சொன்னதுதானா, புதிதா என்று பார். இதற்கு மேல் எனக்கு யுக்தி ஒன்றும் தெரியாது. இதுவும் உனக்குத் தெரிந்ததாகவே இருக்கும்.

பதினொன்றாவது கணக்கிலும் பன்னிரண்டாவதிலும் நின்றுவிட்டேன். இரண்டுக்கும் ஒரே தகவல்கள். மூன்று இயந்திரங்கள், முதலாவதும் இரண்டாவதும் சேர்ந்தால் பத்து மணி, இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் பதினைந்து மணி. பதினொன்றாவது கேட்பது, முதலாவது மூன்றாவதைவிட வேகமா என்று. போதும்; இரண்டாவது இரண்டு ஜோடியிலும் இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் மிச்சம் தெரிந்துவிடுகிறது. பன்னிரண்டாவது கேட்பது, இரண்டாவது தனியாக எத்தனை மணி எடுக்கும் என்று. அதற்குப் போதாது. அதே தகவல், அதே காகிதம். ஒரு கேள்விக்குப் போதும், பக்கத்துக் கேள்விக்குப் போதாது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன். நடுவில் இருக்கிற இந்த இரண்டாவதை எனக்குத் தெரியும், மங்கை. அதன் பெயர் அடைக்கலம்.

யுத்தத்தில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ரேஷன் வந்தது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற வழியில், கடலை மூட்டை அடுக்கும் கிடங்கு ஒன்றை எடுத்து, கிராமங்களுக்கு ரேஷன் கார்டு எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. கீழே மூன்று பேர், மூவரும் தற்காலிகம். ராஜமாணிக்கம் பெரம்பலூர்க்காரர், அச்சடித்தது போல எழுதுவார், வேகமாகவும் எழுதுவார். களத்தூர் காசிம் நிதானமாக எழுதுவார், நாள் முழுவதும் யாரையாவது கிண்டல் செய்வார். மூன்றாமவர் அடைக்கலம். ஏலாக்குறிச்சி, இருபத்தைந்து வயது இருக்கும். அதற்கு முன் இரண்டு வருடம், அம்மை குத்துகிறவருக்கு உதவியாகப் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாக நடந்தவர். அப்போது அவரை நான் நீ, வா, போ என்றுதான் பேசினேன். இப்போது எழுதும்போது அவர் என்று வருகிறது, விட்டுவிடுகிறேன்.

கிராமத்துக் கணக்குப்பிள்ளை அனுப்பும் பட்டியலைப் பார்த்துக் குடும்பத்துக்கு ஒரு கார்டு எழுத வேண்டும். அறுநூறு கார்டு ஒரு கட்டு. கணக்குப்பிள்ளைகளின் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்பதால், ஒருவர் படிக்க ஒருவர் எழுதுவது என்று வைத்திருந்தேன். முதல் கட்டுக்கு அடைக்கலம் படித்தார், ராஜமாணிக்கம் எழுதினார். பன்னிரண்டு நாள் ஆயிற்று. பிறகு ராஜமாணிக்கம் மனைவியின் பிரசவத்துக்காக மாமனார் ஊருக்குப் போய்விட்டார். இரண்டாவது கட்டுக்கும் அடைக்கலம்தான் படித்தார், காசிம் எழுதினார், இருபது நாள். ராஜமாணிக்கம் திரும்பி வந்த வாரம் மேலதிகாரி வந்தார். வேலை மெதுவாக நடக்கிறது, செலவு அதிகம், மூன்று பேரில் இரண்டு பேர் போதும், யாரை நிறுத்துவது என்று நீங்களே எழுதி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறிவிட்டார்.

எனக்கு அது பெரிய பாரமாக இருந்தது. ஒருவரைப் பார்த்து நீ போ என்று சொல்லும் தைரியம் எனக்கு எந்த வயதிலும் கிடையாது. ஆனால் கணக்கு சொல்லலாம் அல்லவா? கணக்கு சொன்னால் நான் சொன்னதாக ஆகாது. ராஜமாணிக்கத்தை ஒரு நாள் தனியாக உட்காரவைத்து எண்ணினேன். நாற்பது கார்டு. அவரும் அடைக்கலமும் சேர்ந்து பன்னிரண்டு நாளில் அறுநூறு, அதாவது நாளைக்கு ஐம்பது. ஐம்பதில் நாற்பது போனால் அடைக்கலத்தின் பங்கு பத்து. அடைக்கலமும் காசிமும் இருபது நாளில் அறுநூறு, அதாவது நாளைக்கு முப்பது. அதில் பத்து போனால் காசிம் இருபது. தாளில் மூன்று எழுத்து, மூன்று எண்: ரா நாற்பது, கா இருபது, அ பத்து. எவ்வளவு சுத்தமாக வந்தது என்று இரண்டு மூன்று தரம் பார்த்தேன். பின்னமே வரவில்லை. அதையே எழுதி அனுப்பினேன். அடுத்த வாரம் உத்தரவு வந்தது. அடைக்கலம் மைக்கூட்டையும் கட்டைப் பேனாவையும் என் மேசையில் கொண்டுவந்து வைத்து, கும்பிட்டுவிட்டுப் போனார்.

மூன்றாவது கட்டு வாலிகண்டபுரத்துக்கு மேற்கே உள்ள கிராமங்களுடையது. ராஜமாணிக்கமும் காசிமும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளாமல், யாருக்கு எவ்வளவு முடிகிறதோ அவ்வளவு என்று தனித்தனியாக உட்கார்ந்து எழுதினார்கள். நாற்பதும் இருபதும் அறுபது, பத்து நாளில் முடிய வேண்டும் என்று என் கணக்கு சொன்னது. பத்தாம் நாள் சாயங்காலம் முடிந்தது. அன்று எனக்கு இருந்த பெருமையை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. ராஜமாணிக்கத்தை நான் பாராட்டியபோது காசிம் மட்டும் கட்டைக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"அவரு பஸ்ஸு இல்ல சார், ரயிலு. எவன் ஏறல, எவன் விட்டுப்போச்சுன்னு திரும்பிப் பாக்க மாட்டாரு."

எல்லோரும் சிரித்தோம், ராஜமாணிக்கமும் கூட.

கார்டுகள் கிராமத்துக்குப் போய் ஒரு வாரம் இருக்கும். ஒரு பெண் காலி மண்ணெண்ணெய் டின்னோடு கிடங்கு வாசலில் வந்து நின்றார். காலையில் கிளம்பி நடந்தே வந்திருக்கிறார். கார்டு வரவில்லையாம். பட்டியலைப் பார்த்து, உன் புருஷன் பெயரில் கார்டு போயிருக்கிறதே என்றேன். அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரவில்லை. என்னைப் பார்த்துப் பாவமாக இருந்தது போலிருக்கிறது.

"அது எங்க பெரிய மாமனார் மவன் கார்டுங்க. அவரும் பெ.செல்லமுத்து, எங்கூட்டு ஆளும் பெ.செல்லமுத்து. அப்ப நான் அவங்க வூட்டு அடுப்புலயே போயி ஒலை வெச்சுக்கட்டுங்களா?"

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பெரியசாமி, பெருமாள் என்று அண்ணன் தம்பி இருவர். இருவரும் தலைப்பிள்ளைக்குத் தங்கள் அப்பா பெயரையே வைத்திருக்கிறார்கள், நம் பக்கத்து வழக்கப்படி. கணக்குப்பிள்ளை முதல் எழுத்தை மட்டும் போட்டிருக்கிறார். ஆக ஒரே தெருவில், அடுத்தடுத்த வரியில், இரண்டு பெ.செல்லமுத்து. ராஜமாணிக்கம் இரண்டாவதைக் கைத்தவறுதலாக எழுதியது என்று நினைத்து, சிவப்பு மையில் அழகாக ஒரு கோடு இழுத்திருந்தார். அவர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அதே கோட்டைத்தான் இழுத்திருப்பேன். பட்டியல் முழுவதும் பார்த்தேன். இருபத்து மூன்று கோடுகள். எது உண்மையிலேயே இரண்டு தரம் எழுதியது, எது இரண்டு மனிதர்? அந்தக் காகிதத்தை எத்தனை தரம் பார்த்தாலும் தெரியாது. அதில் இருந்தது அவ்வளவுதான்.

அப்போதுதான் முதல் இரண்டு கட்டுக்கு ஒரு புகார்கூட வரவில்லை என்பது உறைத்தது. அந்த நாட்களில் அடைக்கலம் படித்துக்கொண்டே வந்து திடீரென்று நிறுத்துவார். ராஜமாணிக்கம் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருப்பார். அடைக்கலம் எழுந்து வாசலுக்குப் போய், சந்தைக்கு வந்திருக்கிற அந்த ஊர் ஆள் யாரையாவது பிடித்துப் பேசிக்கொண்டிருப்பார். கால் மணி, அரை மணி. அதை நான் என் மேசையிலிருந்து பார்த்திருக்கிறேன், வெட்டிப் பேச்சு என்று மனசுக்குள் குறித்தும் வைத்திருக்கிறேன். கேட்கத் தோன்றவில்லை. எழுதினது எத்தனை என்பதற்கு என் கணக்கு சரியாகவே இருந்தது, மங்கை. மூன்றாவது கட்டு பத்தே நாளில் முடிந்து அதை நிரூபித்தும் விட்டது. யார் போகலாம் என்பதற்கு அது போதாது. ஒன்றுக்குப் போட்ட கணக்கை இன்னொன்றுக்கு விடையாக எழுதி அனுப்பிவிட்டேன். உன் புத்தகத்தில் அடுத்தடுத்து அந்த இரண்டு கணக்குகளையும் வைத்தவர் யாரோ, அவருக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்குமா என்று யோசித்தேன்.

பட்டியலைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு மறுநாளே கிளம்பினேன். பெட்ரோல் கிடைக்காத காலம், கரியில் ஓடும் பஸ். மேடு வந்தால் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். அரியலூரில் இறங்கி, திருமானூர் பக்கம் போன ஒரு பார வண்டியில் இடம் கேட்டு ஏறி, ஏலாக்குறிச்சி போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது. அடைக்கலம் அண்ணனுடைய கொல்லையில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். நான் சௌக்கியம் விசாரித்தேன், மழை விசாரித்தேன். கடைசியில் பட்டியலை எடுத்தேன். வரப்பில் உட்கார்ந்து அவர் ஒவ்வொரு சிவப்புக் கோடாகப் படித்தார். இது ரெண்டு ஆளுங்க. ஒருத்தரு மேலத்தெரு, ஒருத்தரு கிணத்தடி, ரெண்டு வூட்டுப் புள்ளைக்கும் நானே கையப் புடிச்சு ஊசி குத்த வெச்சிருக்கேன், ஒண்ணு என்னைக் கடிச்சுது என்றார். இது ஒரே ஆளு, தப்பாத்தான் ரெண்டு தரம் எழுதியிருக்கு என்றார். இருபத்து இரண்டு கோடுகளை அப்படி முடித்தார். பதினேழு கோடு மனிதர்கள் மேல் விழுந்திருந்தது. ஐந்து மட்டுமே சரி. ஒன்று பாக்கி: மு.அஞ்சலை என்று இரண்டு வரி.

"இது தெரியல சார். அந்த வூட்டுல சின்னப் புள்ளை இல்ல, நான் உள்ள போனதில்ல. நேர்ல பாத்தாதான் தெரியும்."

ஒன்றுதானே, குத்துமதிப்பாக ஏதாவது சொல்லேன் என்றேன். அவர் பட்டியலை மடித்து என் கையில் கொடுத்தார்.

"குத்துமதிப்பா சொன்னா யாரோ ஒருத்தரு வூட்டுல வெளக்கு எரியாது சார். நாளைக்கு நானும் வரேன், போயி பாத்துடலாம்."

அதற்குப் பிறகுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். என்னை ஏன் சார் நிறுத்துனீங்க என்று. மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்ய முடியும் என்றேன். ஒருவரை நிறுத்தச் சொன்னது மேலிடம்தான். ஆகவே முழுப் பொய் இல்லை என்று இத்தனை வருடமாக எனக்கு நானே வாதாடிக்கொண்டிருக்கிறேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"அப்ப சரி சார். மெதுவா வேலை செய்யறேன்னு யாராச்சும் எழுதிட்டாங்களோன்னு நெனச்சேன்."

அவர் முகத்தில் நிம்மதி வந்ததாக எனக்குப் பட்டது. அதைக் கெடுக்க வேண்டாம் என்று பட்டியலைப் பைக்குள் வைத்துச் சுற்றினேன். அப்படித்தான் நான் அதை ஞாபகம் வைத்திருக்கிறேன்.

மறுநாள் இரண்டு பேரும் போனோம். அந்த வீட்டில் ஓரகத்திகள் இருவர். முத்துசாமி மனைவி அஞ்சலை, முருகேசன் மனைவி அஞ்சலை. இருவருமே புருஷனை இழந்தவர்கள், ஒரே கூரை. அடைக்கலம் யோசித்துவிட்டு, ஆள் ரெண்டு, அடுப்பு ஒண்ணு, அதனால கார்டு ஒண்ணு போதுமே சார் என்றார். பெரிய அஞ்சலை உள்ளேயிருந்து, "அடுப்பு ஒண்ணுன்னு எவன் சொன்னான்? அவ கொழம்பு வெச்சு நாலு மாசமா நான் ஒரு வாய் தின்னதில்ல" என்றார். சின்ன அஞ்சலை, "நான் கூப்புடவும் இல்ல" என்றார். கொல்லைப்புறம் கூட்டிப்போய்க் காட்டினார்கள். முதுகோடு முதுகாக இரண்டு அடுப்பு, இரண்டிலும் சாம்பல். அடைக்கலம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பட்டியலில் அந்தக் கோட்டுக்கு மேல் இரண்டு கார்டு என்று எழுதினார். பதினெட்டு கார்டையும் புதிதாகச் சேர்ந்த குடும்பங்கள் என்று காட்டி நான் எழுதி அனுப்பிவிட்டேன். தப்பு நடந்ததாக எங்கும் பதிவாகவில்லை. அந்த இரண்டு நாளுக்கு அவருக்குக் கூலியும் கிடையாது. அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று மேலே நான் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் என் கணக்கைச் சொல்ல வேண்டும். எழுதவில்லை.

பத்து நாளைக்கு முன் அவருக்குக் கார்டு எழுத உட்கார்ந்தபோது முதல் சிக்கல் விலாசம். ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயிலின் பெயரால் வீட்டுக்கு ஓர் அடைக்கலம் இருப்பார். வெறும் பெயர் போதாது. வயது அறுபது இருக்கும் என்று சேர்த்தேன், போதாது. அண்ணன் பெயர் சவரிமுத்து என்று ஞாபகம் வந்தது. அங்கே சவரிமுத்துவும் வீட்டுக்கு ஒருவர். முன்பு அம்மை குத்துகிறவரோடு பை தூக்கிப் போனவர் என்று எழுதினேன். அது போதும் என்று தோன்றியது. பின்பக்கம் ஆறு வரி: உங்களை நிறுத்தியது மேலிடம் இல்லை, நான் போட்ட கணக்கு, நீங்கள் மெதுவானவர் என்று எழுதியதும் நான்தான், அன்று உங்களிடம் பொய் சொன்னேன்.

இதுவரை நேற்று எழுதி வைத்திருந்தேன். எப்படி முடிப்பது என்று தெரியாமல் எழுந்துவிட்டேன். உனக்குப் பெரிய அதிகாரம் வரும், உன் கீழே ஆட்கள் இருப்பார்கள், அப்போது கவனமாக இரு என்று ஏதோ எழுத நினைத்தேன். இன்று காலை தபால்காரர் ஓர் உறை கொடுத்தார். கோடு போட்ட தாள், இரண்டு பக்கம். அதில் முக்கியமானதை அப்படியே இங்கே எழுதுகிறேன். அவருடைய வார்த்தையை நான் சுருக்கினால் அது மறுபடியும் நான் போட்ட கணக்காகிவிடும்.

"சார், கார்டு கெடச்சுது. நீங்க எழுதினது எனக்கு அன்னைக்கே தெரியும். மைக்கூட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தப்ப உங்க மேசையில தாள் இருந்துச்சு. அ பக்கத்துல பத்துன்னு போட்டிருந்துச்சு. கொல்லையில நான் கேட்டது தெரியாம கேட்டதில்ல சார். நீங்களே சொல்லட்டும்னுதான் கேட்டேன். நீங்க பையைப் பாத்துக்கிட்டே பேசுனீங்க. சரி, மனுசன் பயப்படறாரு, விட்டுருவோம்னு விட்டுட்டேன். ஆனா ஒண்ணு. படிச்சவரு கணக்குப் போட்டுச் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் நெனச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் எழுத்து வேலை எதுக்கும் போகல. இப்ப கோயிலுக்கு பஸ்ல வர்ற ஜனத்துக்கு டீக்கடை போட்டிருக்கேன். டீ போட ரொம்ப நேரமாக்குறேன்னு எம்பொண்ணு திட்டுது. ஒரு தரம் வாங்க சார். மத்தது நேர்ல பேசுவோம்."

நாலு தரம் படித்தேன். அந்த முகத்தில் நான் பார்த்தது நிம்மதி இல்லை. என்னை விட்டுவிடலாம் என்று அவர் முடிவு செய்த கணம் அது. அதை எனக்குச் சாதகமாகப் படித்துக்கொண்டு இத்தனை வருடம் வைத்திருக்கிறேன். அவர் வரப்பில் கொடுத்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தப் பத்து எதற்கான எண் என்று இரண்டு பேருமே தெரிந்துகொண்டிருப்போம். அவரும் தன்னை மெதுவானவன் என்று நம்பிப் பேனாவைக் கீழே வைத்திருக்க மாட்டார். உன் அம்மாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இத்தனை வருசம் இதையா வயித்துல வெச்சுக்கிட்டு இருந்தீங்க?" என்றாள்.

புத்தகத்தை இந்தக் கடிதத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். இரண்டு ஆட்கள் சேர்ந்து வேலை செய்கிற பதினான்காவது கணக்கின் ஓரத்தில் நீ பென்சிலால், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நிறுத்த வைக்கவே இல்லைன்னு எப்படித் தெரியும் என்று எழுதி, பிறகு அழித்திருக்கிறாய். அழித்தாலும் படிக்க முடிகிறது. பரீட்சையில் அதைக் கேட்டால் மதிப்பெண் தர மாட்டார்கள், புத்தகம் சொல்கிற விடையைக் குறித்துவிட்டு மேலே போ. ஆனால் அந்த வரியை நீ அழித்தது எனக்குப் பிடிக்கவில்லை. அதன்மேலேயே மறுபடியும் நான் எழுதி வைத்திருக்கிறேன்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் அரியலூர் போய், அங்கிருந்து ஏலாக்குறிச்சி பஸ் பிடிக்கப் போகிறேன். அவர் என்ன கேட்பார், என்ன சொல்வார் என்று தெரியவில்லை. இங்கே உட்கார்ந்து தெரியவும் போவதில்லை. உன் அம்மா புளிச்சோறு கட்டித் தருகிறாள், சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுங்கள் என்கிறாள். அதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டீ போட அவருக்கு நேரமாகுமாம். காத்திருப்பேன்.

உன்
அப்பா